கம்பி எண்ணின் கதை

கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியால் கம்பியின் விட்டத்தை அளக்கும் மாணவர்கள் ஒரு புதிரைச் சந்திப்பதுண்டு. 16 என்று எண்ணிட்ட கம்பி தடிமனாகவும், 24 என்று எண்ணிட்ட கம்பி மெல்லியதாகவும் இருக்கும். எண் கூடக் கூடக் கம்பி மெலிவானேன்?

விடை, கம்பி செய்யும் பழைய பட்டறையில் இருக்கிறது. உலோகத் தண்டினை ஒரே இழுப்பில் மெல்லிய கம்பியாக்க முயன்றால் அறுந்துவிடும். ஆகவே எஃகுத் தட்டிலுள்ள துளைகளின் வழியே, பெரிய துளையில் தொடங்கி, படிப்படியாகச் சிறிய துளைகளில் இழுப்பார்கள். எத்தனை முறை இழுக்கப்பட்டதோ, ஏறத்தாழ அதுவே கம்பியின் எண்ணாக அமைந்தது. பலமுறை இழுபட்ட கம்பி மெல்லியதாக இருப்பதில் வியப்பில்லை அல்லவா?

ஆனால், ஒவ்வொரு பட்டறையின் துளைகளும் ஒவ்வோர் அளவு. வேலிக்கும் ஆணிக்கும் இதனால் பெருந்தீங்கு இல்லை. தந்தியும் மின்விளக்கும் வந்தபின் நிலைமை மாறியது. கம்பியின் விட்டம் பாதியானால் மின்தடை நான்கு மடங்காகிவிடுமே!

1857-இல் அமெரிக்காவின் பிரௌன் அண்டு ஷார்ப் நிறுவனம் ஓர் ஒழுங்கான முறையை வகுத்தது. 0.46 அங்குல விட்டத்திலிருந்து 0.005 அங்குலம் வரை 39 சமவிகிதப் படிகள். இதில் ஆறு எண்கள் கூடினால் விட்டம் ஏறத்தாழப் பாதியாகும். மூன்று எண்கள் கூடினால் குறுக்குப் பரப்பு பாதியாகும். பிரிட்டனோ தனக்கென வேறொரு பட்டியலை வகுத்து, 1884 மார்ச் 1 முதல் சட்டபூர்வமாக்கியது. அதுவே எஸ்.டபிள்யூ.ஜி. நம் நாட்டு மோட்டார் காயில் கட்டும் கடைகளில் வழங்குவது இதுதான். பழைய வீட்டு ஒயரிங்கில் '3/20' என்றால், 20-ஆம் எண் இழைகள் மூன்று என்று பொருள்.

இரண்டு பட்டியல்களும் ஒன்றல்ல என்பதை மறந்தால் நட்டம் நமக்கே. பிரிட்டிஷ் 16-ஆம் எண் கம்பியின் விட்டம் 1.63 மி.மீ.; அமெரிக்க 16-ஆம் எண்ணுக்கு 1.29 மி.மீ. மட்டுமே. எண் ஒன்றுதான், செம்பு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு!

ஒலிபெருக்கிக்குக் கம்பி வாங்கும்போது இதைக் கண்கூடாகக் காணலாம். ஆம்ப்ளிபையரிலிருந்து 10 மீட்டர் தொலைவில் 8 ஓம் ஒலிபெருக்கி இருப்பதாகக் கொள்வோம். மின்னோட்டம் போய்த் திரும்ப 20 மீட்டர் கம்பி வேண்டும். அமெரிக்க 24-ஆம் எண் கம்பியானால் அதன் தடை சுமார் 1.7 ஓம், திறனில் ஏறக்குறைய 17 சதவீதம் கம்பியைச் சூடாக்குவதிலேயே கழிந்துவிடும். 16-ஆம் எண்ணானால் தடை 0.26 ஓம், இழப்பு 3 சதவீதம்தான். 4 ஓம் ஒலிபெருக்கியாயின் இழப்பு இன்னும் கூடும்.

கம்பி ஒற்றை இழையா, பல இழையா என்பது வளைந்து கொடுப்பதைப் பொறுத்தது. தடையை நிர்ணயிப்பது செம்பின் மொத்தக் குறுக்குப் பரப்பு. மேலுறையின் பருமன் அன்று. தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் மெலிந்த செம்பு ஒளிந்திருக்கக்கூடும்.

எனவே கடைக்காரரிடம் "எத்தனை எண்?" என்று கேட்பதைவிட, "செம்பு எத்தனை சதுர மில்லிமீட்டர்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் எந்த நாட்டிலும் ஒரே பொருள்தான்.