புதுக்குப்புறம்

புதுக்கோட்டையிலிருந்து பதினாறு கிலோமீட்டர் தள்ளி சித்தன்னவாசல். தாமரைக் குளத்து ஓவியத்தைப் பார்ப்பதற்காகத்தான் எல்லாரும் போகிறோம். அண்ணாந்து பார்க்கிறோம், கழுத்து வலிக்கிறது, கீழே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறோம். கோயில் வாசலை ஒட்டிய பாறையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறதே, அதை எத்தனை பேர் கவனித்திருப்பீர்கள்?

கவனிக்கவேண்டிய கல்வெட்டு அது. ஒன்பதாம் நூற்றாண்டு. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் ஆட்சிக்காலம். மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்கிற சமண ஆசிரியர் அங்கே செய்த வேலையை அது சொல்கிறது. என்ன வேலை? ஏற்கெனவே இருந்த உள் மண்டபத்தைச் சீர்படுத்தினார். அதற்கு முன்னால் புதிதாக ஒரு முகமண்டபம் எடுத்தார். பழுது பார்த்தது ஒன்று, புதிதாகச் சேர்த்தது ஒன்று. தீர்ந்தது.

அவர் எடுத்த முகமண்டபம் பிற்பாடு விழுந்துவிட்டது. இன்றைக்கு நீங்கள் பார்க்கிற முகப்புத் தூண்கள் இருபதாம் நூற்றாண்டில், புதுக்கோட்டை சமஸ்தான நிர்வாகத்தில் இருந்த டாட்டன்ஹாம் என்கிற வெள்ளைக்கார அதிகாரியின் முயற்சியில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை. ஆக, கோயில் ஒன்றுதான். ஆனால், அதற்குக் குறைந்தது மூன்று 'பதிப்பு' ஆகிவிட்டது.

இந்த வேலைக்குப் பழைய தமிழில் புதுக்குதல் என்று பேர். இப்போது அப்டேட். இளங்கௌதமன் கல்லில் வெட்டினாரே, அதே மாதிரி ஒரு குறிப்பை இன்றைக்கு உலகத்தில் உள்ள அத்தனை ஸாஃப்ட்வேர்காரர்களும் வெளியிடுகிறார்கள். இன்னின்ன பழுதைச் சரிசெய்தோம், இன்னின்ன வசதி சேர்த்தோம். யாரும் படிப்பதில்லை. அப்படிப் படிக்காமல் விடப்பட்ட ஒரு குறிப்பு, 2024-ஆம் ஆண்டு இந்தியாவில் சுமார் 300 சின்ன வங்கிகளை ஒரு நாள் முழுக்க முடக்கிப்போட்ட கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

*

முதலில் கொஞ்சம் கணக்குப் பாடம். பயப்படவேண்டாம், பி.காம். முதல் வருஷத்து விஷயம்தான்.

ஒரு மளிகைக் கடை. தினசரி வரவு செலவை அன்றன்றைக்கு ராத்திரியே முடித்துப் பேரேட்டில் ஏற்றிவிட்டால் தொல்லை இல்லை. 43 ரூபாய் உதைக்கிறதா? இன்றைக்குப் போட்ட முப்பது சீட்டைப் புரட்டினால் கிடைத்துவிடும். மார்ச் 31-ஆம் தேதி உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால்? அதே 43 ரூபாய்க்காக வருஷம் பூரா போட்ட சீட்டைப் புரட்டவேண்டும். கடைசியில் அனாமத்து என்று ஒரு தலைப்பு போட்டு அதில் தள்ளிவிட்டுப் படுக்கப் போகவேண்டியதுதான்.

ஸாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கும் இதே பாடுதான். இருபது பேர் ஆளுக்கொரு பகுதியை மூன்று மாசம் தனித்தனியாக எழுதுவார்கள். ஒவ்வொன்றும் தனியாக ஓடும். ஒன்றாக ஒட்டும்போதுதான் கூத்து ஆரம்பிக்கும். அவர் கதவை இடது பக்கம் வைத்திருப்பார், இவர் சாவியை வலது பக்கத்துக்குச் செய்திருப்பார்.

இதற்கு 1991-ல் க்ரேடி பூச் என்கிற அமெரிக்கர் ஒரு பேர் வைத்தார். கன்டினியூயஸ் இன்டக்ரேஷன். தொடர் ஒருங்கிணைப்பு என்று வைத்துக்கொள்வோம். தொண்ணூறுகளின் கடைசியில் கென்ட் பெக் என்பவர் அதை ஒரு கட்டாயப் பழக்கமாகவே ஆக்கினார். எழுதியதை அன்றன்றைக்கே, முடிந்தால் ஒரு நாளில் பலமுறை, பொதுவில் சேர்த்துவிடு. சேர்த்த உடனே மொத்தமும் ஓடுகிறதா என்று சோதித்துப் பார். உதைத்தால் அங்கேயே நிறுத்து.

நல்ல யோசனை. ஆனால், யார் உட்கார்ந்து நாளைக்கு ஐம்பது தடவை சோதித்துக்கொண்டிருப்பது? மனுஷனால் ஆகாது. அதற்கென்று ஒரு மெஷின் வேண்டும். தூங்காத கணக்குப்பிள்ளை. அதுதான் சி.ஐ. சர்வர்.

*

2004. அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் கோசுகே கவாகுச்சி என்று ஒரு ஜப்பானிய இளைஞர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரர். என்ன, அவர் எழுதிச் சேர்க்கிற நிரல் அடிக்கடி மொத்தத்தையும் உதைக்கவைத்துவிடும். சக ஊழியர்கள் முறைப்பார்கள். அவர்கள் கண்டுபிடித்து முறைப்பதற்கு முன்னால் தாமே கண்டுபிடித்துவிட்டால் என்ன என்று, தம் சொந்த உபயோகத்துக்கு ஒரு சின்ன சர்வர் எழுதிக்கொண்டார். பேர், ஹட்ஸன். 2005 பிப்ரவரியில் அதை ஊருக்கெல்லாம் இலவசமாகத் திறந்துவிட்டார்.

பிய்த்துக்கொண்டு போனது. 2008-ல் ஜாவா உலகத்தில் பெரிதாக மதிக்கப்படும் விருது ஒன்றும் கிடைத்தது. எல்லாம் சுகமாகத்தான் இருந்தது, 2010 ஜனவரியில் ஆரக்கிள் கம்பெனி சன்னை விலைக்கு வாங்கும் வரைக்கும். சில மாசத்தில் கவாகுச்சி வெளியேறிவிட்டார். அந்த வருஷக் கடைசியில் சண்டை மூண்டது. ஹட்ஸனை எழுதி வளர்த்தது ஊர்க்காரர்கள். ஆனால், பேர் எங்களுடையது என்றது ஆரக்கிள்.

பேர்தானே? வைத்துக்கொள். 2011 ஜனவரி 29 அன்று ஓட்டெடுப்பின் முடிவு வந்தது. பேரை மாற்றலாம் என்று 214 பேர், வேண்டாம் என்று 14 பேர். நான்கே நாளில் புதிய பேரில் முதல் பதிப்பு வெளியானது. ஜென்கின்ஸ். கையில் துண்டு போட்டுக்கொண்டு நிற்கிற வெள்ளைக்கார பட்லர் படம்தான் அதன் சின்னம். ஆரக்கிளிடம் இருந்த ஹட்ஸன் பிறகு எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போய், ஆள் இல்லாமல் தேய்ந்து, 2017-ல் காலாவதி என்று அறிவிக்கப்பட்டது.

ஏன் ஜென்கின்ஸ் ஜெயித்தது? புதுக்கிக்கொண்டே இருந்தார்கள். வாரம் ஒரு பதிப்பு. அவசரம் வேண்டாம், நிதானமாகப் போகிறேன் என்கிற கம்பெனிகளுக்காகத் தனியாக ஒரு நீண்டகாலப் பதிப்பு. பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதற்கு அடித்தளம் மாற்றுவார்கள், நடுவில் பழுதுகளை மட்டும் சரிசெய்து அனுப்புவார்கள். யார் வேண்டுமானாலும் எழுதிச் சொருகலாம் என்று ப்ளக்-இன்கள் 1,800-க்கு மேல்.

2016 ஏப்ரலில் வந்த இரண்டாம் பதிப்பு முக்கியமானது. அதற்கு முன்பெல்லாம் ஜென்கின்ஸை நிறுவினால் அது பூட்டு இல்லாத வீடு. பூட்டு வேண்டுமென்றால் நீங்களாகப் போய்ப் போட்டுக்கொள்ளவேண்டும். இரண்டாம் பதிப்பில்தான் நிறுவும்போதே பாஸ்வேர்டு கேட்கிற ஏற்பாடு வந்தது. சின்ன வசதி. ஆனால், பதினோரு வருஷம் பிடித்தது.

இந்தப் பூட்டு ஏன் அவ்வளவு முக்கியம்? கணக்குப்பிள்ளையிடம் என்ன இருக்கும், யோசியுங்கள். எல்லாப் பெட்டிச் சாவியும் இருக்கும். எழுதிய நிரலை எடுத்து, சோதித்து, நிஜமாகவே வியாபாரம் நடக்கிற கம்ப்யூட்டரில் கொண்டுபோய் வைக்கிற வரை இந்த சர்வர்தான் செய்கிறது. அத்தனை கதவுக்கும் சாவி அதனிடம் இருந்தாகவேண்டும். திருடன் நூறு வீட்டுப் பூட்டை உடைக்கத் தேவையில்லை. கணக்குப்பிள்ளையின் இடுப்பில் கை வைத்தால் போதும்.

*

2024 ஜனவரி 24. ஜென்கின்ஸ்காரர்கள் ஓர் அவசரப் பதிப்பை வெளியிட்டார்கள். எண் 2.442. நீண்டகாலப் பதிப்பில் 2.426.3. கூடவே ஓர் எச்சரிக்கை. அந்தப் பழுதுக்கு உலகப் பதிவேட்டில் சி.வி.இ-2024-23897 என்று எண்.

என்ன பழுது? ஜென்கின்ஸுக்குத் தட்டச்சு செய்து கட்டளை கொடுக்க ஒரு வழி உண்டு. அந்தக் கட்டளைக்குள் மின்னஞ்சல் முகவரியில் வருமே, அந்த 'அட்' குறியைப் போட்டு, பக்கத்தில் ஒரு கோப்பின் பேரை எழுதினால், சர்வர் அந்தக் கோப்பைத் திறந்து உள்ளே இருப்பதைக் கட்டளையில் சேர்த்துக்கொள்ளும். வசதிக்காக வைத்தது. அதுவே வினையாகிவிட்டது. 'இப்படி ஒரு கட்டளை கிடையாதே' என்று சர்வர் பதில் சொல்லும்போது கோப்பில் இருந்ததையும் சேர்த்தே ஒப்பித்துவிடும். உள்ளே நுழைய அனுமதியே இல்லாத ஆள் கேட்டால்கூட முதல் சில வரிகளைச் சொல்லிவிடும். அனுமதி உள்ளவருக்கு முழுக் கோப்பும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கட்டளையைப் பிரித்துப் படிக்கிற அந்தத் துண்டு நிரலின் பேர் ஆர்க்ஸ்ஃபோர்ஜே. எழுதியவர் அதே கவாகுச்சி. கெட்ட எண்ணத்தில் அல்ல. கட்டளை கொடுக்கிறவர்களின் சௌகரியத்துக்காக என்றைக்கோ வைத்த வசதி. சர்வருக்குள் அது யார் கண்ணையும் உறுத்தாமல் கிடந்தது.

மருந்து வந்துவிட்டது. மருந்து வந்த சில நாளில் நோயைப் பரப்பும் முறையும் இணையத்தில் வெளியாகிவிட்டது. அந்த ஜனவரிக் கடைசியில் ஷேடோசர்வர் என்கிற அமைப்பு எண்ணிப் பார்த்தபோது, இணையத்தில் திறந்து கிடந்த, புதுக்கப்படாத ஜென்கின்ஸ் சர்வர்கள் சுமார் 45,000. அதில் இந்தியாவில் மட்டும் 2,600-க்கும் மேல்.

*

ஜூலை 31. இந்தியாவின் யூ.பி.ஐ. முதலான பணப் பரிமாற்றங்களை நடத்துகிற என்.பி.சி.ஐ. ஓர் அறிக்கை விட்டது. ஸி-எட்ஜ் டெக்னாலஜீஸ் என்கிற நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு ஆளாகியிருக்கலாம். அதாவது கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்கிற கொள்ளை. மற்றவர்களுக்குப் பரவாமல் இருக்க ஸி-எட்ஜை எங்கள் வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்திருக்கிறோம்.

ஸி-எட்ஜ் யார்? ஸ்டேட் பாங்கும் டி.சி.எஸ்.ஸும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். சொந்தமாகப் பெரிய கம்ப்யூட்டர் கட்டமைப்பு வைத்துக்கொள்ள வசதி இல்லாத கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகளுக்கு அந்த வேலையைச் செய்து கொடுப்பது. அதைத் துண்டித்தவுடன் நாடெங்கும் சுமார் 300 வங்கிகளின் வாடிக்கையாளர்கள் வெளியே நின்றார்கள்.

க்ளவுட்செக் என்கிற இணையப் பாதுகாப்பு நிறுவனம் இதை ஆராய்ந்து சொன்னது இதுதான்: தாக்குதல் நேரடியாக ஸி-எட்ஜில் ஆரம்பிக்கவில்லை. அதனோடு சேர்ந்து வேலை செய்யும் ப்ரான்டூ டெக்னாலஜி சொல்யூஷன்ஸ் என்கிற கம்பெனியில், சரியாக அமைக்கப்படாத ஒரு ஜென்கின்ஸ் சர்வரில் ஆரம்பித்தது. நுழைந்த வழி, அந்த 23897-ஆம் எண் பழுது.

ஜனவரி 24-க்கும் ஜூலை 31-க்கும் நடுவில் எத்தனை நாள்? 189. மருந்து இலவசம். அதுவும் வீட்டு வாசலிலேயே கிடந்தது.

ஆகஸ்ட் முதல் தேதி, சோதனைகள் முடிந்து இணைப்பு திரும்பக் கிடைத்தது. நாட்டின் மொத்தப் பணப் பரிமாற்றத்தில் பாதிக்கப்பட்டது அரை சதவிகிதம்தான் என்று அப்போது செய்தி வந்தது. புள்ளிவிவரம் சரியாகவே இருக்கலாம். ஆனால், அந்த அரை சதவிகிதத்தில் யார் இருக்கிறார்கள்?

நம் மாவட்டத்தையே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கீரமங்கலத்தில் விடிகாலையில் பூ பறித்து வந்து கமிஷன் கடையில் போடுகிற பெண்மணி. வடகாட்டில் பலாப்பழம் ஏற்றி அனுப்புகிறவர். ஜெகதாப்பட்டினத்தில் வலை வாங்க முன்பணம் போடவேண்டிய மீனவர். இவர்களைப் போன்றவர்களுக்கு நகைக்கடனும் பயிர்க்கடனும் கூட்டுறவு வழியாகத்தான். கணக்கும் அநேகமாக ஒன்றே ஒன்றுதான். நகரத்து ஆசாமிக்கு ஒரு வங்கி படுத்தால் இன்னொரு கார்டு இருக்கிறது. ஒரே கணக்கு உள்ளவருக்கு அன்றைக்குப் பாதிப்பு நூறு சதவிகிதம்.

அவர் ஜென்கின்ஸ் என்கிற பேரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். கேள்விப்பட அவசியமும் இல்லை. அவருக்குப் பதிலாக அதைத் தெரிந்துவைத்திருக்கவேண்டியவர்களுக்குத்தான் சம்பளம் போகிறது.

*

ஸாஃப்ட்வேர் உலகத்தில் புதிய வசதிக்குத்தான் கைதட்டல். பழுது பார்த்தவனுக்கு மாலை கிடையாது. பட்ஜெட்டிலும் அப்படித்தான். புதிதாக ஒன்று வாங்கப் பணம் கிடைக்கும். வாங்கியதைப் பராமரிக்க என்றால் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்'.

நம் ஆட்கள் இதில் வேறு மாதிரி இருந்திருக்கிறார்கள். உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921. குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதில் ஏரிக்கென்றே ஒரு வாரியம். ஆறு பேர். பதவிக்காலம் 360 நாள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் தேர்தலில் நிற்கவே முடியாது. ஏரி உடைந்தால் யாரைக் கேட்பது என்பது ஊருக்கே தெரியும்.

இன்னொன்று, புதுக்குப்புறம். கல்வெட்டுகளில் வருகிற சொல். கோயிலைப் பழுது பார்ப்பதற்கென்றே எழுதி வைத்த நிலம். பூஜைக்குத் தனி, விளக்குக்குத் தனி, பழுதுக்குத் தனி. கட்டுகிற அன்றைக்கே, இது ஒருநாள் பழுதாகும் என்று ஒப்புக்கொண்டு அதற்கு வருமானமும் ஒதுக்கிவிடுவது. அந்த நிலத்தின் விளைச்சலில் வேறு செலவு செய்யக்கூடாது.

ஓர் ஆள், ஒரு கெடு, ஒரு தொகை. 300 வங்கிகளின் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணியில் இந்த மூன்றில் ஏதோ ஒன்று இல்லாமல் போயிருக்கிறது. ஜென்கின்ஸ் தன் நிர்வாகப் பக்கத்திலேயே 'உன் பதிப்பில் ஓட்டை இருக்கிறது' என்று எச்சரிக்கை காட்டும். காட்டத்தான் முடியும். பொத்தானை அழுத்துவதற்கு ஒரு மனுஷன் வேண்டும், அவனுக்கு அது வேலையாக இருக்கவேண்டும்.

அடுத்த முறை உங்கள் கூட்டுறவு வங்கிக்குப் பொதுக்குழுக் கடிதம் வந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் உறுப்பினர். டிவிடெண்ட் எவ்வளவு என்று கேட்கிற அதே வாயால் இன்னொரு கேள்வியும் கேட்கலாம். நம் வங்கியின் கம்ப்யூட்டர் வேலையைச் செய்கிற கம்பெனி எது? அந்தக் கம்பெனி தன் வேலையை வேறு யாரிடம் கொடுத்திருக்கிறது? அவர்கள் கடைசியாக எந்தத் தேதியில் புதுக்கினார்கள்?

மேடையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பரவாயில்லை. பதிலை எழுத்தில் கேளுங்கள்.