சின்ன மீகாப்பிள்ளையின் சண்டை

பிலிப்பைன்சுப் புரட்சித் தலைவர் பொனிபாசியோவின் ஆட்கள் 1896 ஆகஸ்டில் மணிலாவுக்கு வெளியே கத்தியைத் தூக்கியதையும், டிசம்பர் 30இல் ஹொசே ரிசாலை ஸ்பானியர் சுட்டுக் கொன்றதையும் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் கோணேசர் கோயில் இடிபட்ட கதைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். வருகிறேன். வழியில் ஒரு மனிதர் மறித்துக்கொண்டு நிற்கிறார்.

பிலிப்பைன்சுக்குப் பெயர் கொடுத்த இரண்டாம் பிலிப்பு 1580இல் போர்த்துக்கல் முடியையும் சூடிக்கொண்டான். அறுபது வருடம் இரண்டு முடியும் ஒரே குடும்பத்தில் இருந்தன. ஆக, 1619இல் நல்லூரைப் பிடித்த பிலிப் டி ஒலிவேரா யாருக்குச் சேவகன்? மணிலாவையும் ஆண்ட அதே மூன்றாம் பிலிப்புக்கு. அந்த அரசனை எதிர்த்து யாழ்ப்பாணத்தான் வாள் எடுத்தது 1620இல், பொனிபாசியோவுக்கு 276 வருடம் முந்தி.

எடுத்தவர் சின்ன மீகாப்பிள்ளை ஆராச்சி. வேதத்தில் சேர்ந்தவர், அதாவது கத்தோலிக்கர். 1618இல் யாழ்ப்பாணத்தை ஆண்ட இரண்டாம் சங்கிலிக்கு எதிராகக் கலகம் செய்து அவனை ஊர்காவற்றுறைப் பக்கம் ஓடவைத்தவர்களில் இவரும் ஒருவர். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் அனுப்பிய வருணகுலத்தானின் படைதான் அப்போது சங்கிலியைக் காப்பாற்றியது. அடுத்த வருடம் ஒலிவேரா வந்தான், சங்கிலியைப் பிடித்தான், கோவாவில் அவன் கதை முடிந்தது. மீகாப்பிள்ளைக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பறங்கி சங்கிலியை அகற்றிவிட்டுக் கப்பம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவான் என்று அவர் நம்பியிருப்பார் என்பது என் எண்ணம். பறங்கி கிளம்பவில்லை.

அதன்பின் இந்த மனிதர் செய்த காரியத்தைப் பாருங்கள். இரண்டு வருடம் முந்தித் தன்னைத் தோற்கடித்த அதே தஞ்சாவூரின் வாசலில் போய் நின்று படை கேட்டார்! மானம் பார்க்கிறவனால் முடியாத காரியம். ரகுநாதரும் கொடுத்தார். நல்லூரில் ஒலிவேராவை முற்றுகையிட்டார்கள். அவனை மீட்க லூயிஸ் தெய்ஷேரா வந்தான். ஊர்களில் அவன் செய்த கொடுமையைப் போர்த்துக்கீசப் பாதிரியாரே எழுதிவைத்திருக்கிறார். மீண்டும் தஞ்சைப் படை, மீண்டும் தோல்வி. 1621 தொடக்கத்தில் எல்லாம் ஓய்ந்தது. நல்லூர்க் கந்தசாமி கோயிலை ஒலிவேரா தரைமட்டமாக்கியதும் அந்த வருடம்தான். தஞ்சாவூரிலோ ரகுநாதர் பறங்கியரை வென்றதாக அரசவைக் காவியங்கள் பிறந்தன. புலவருக்குச் சோறு போடுகிறவன் எந்தப் போரில் தோற்றிருக்கிறான்?

சங்கிலிக்கு நல்லூரில் சிலை இருக்கிறது. இருக்கட்டும். நான் மீகாப்பிள்ளையின் கட்சி. முதலில் பறங்கியின் பக்கம் நின்றவர் என்று அவரைத் துரோகி வரிசையில் தள்ளுவது எளிது. பிலிப்பைன்சில் கத்தி எடுத்தவர்களும் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திய கத்தோலிக்கர்கள்தானே? ஆண்டவரைக் கும்பிட்டுக்கொண்டே அவர் பெயரால் வந்தவனை அடிக்க முடியும் என்று இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ரகுநாதரிடமும் ஒரு குசும்பு. மீகாப்பிள்ளைக்குப் படை கொடுத்த அதே 1620இல் தரங்கம்பாடியை டென்மார்க்காரனுக்கு எழுதிக்கொடுத்தார். ஒரு வெள்ளைக்காரனை விரட்ட ஆள் அனுப்பிவிட்டு, இன்னொருவனுக்குக் கடற்கரையில் இடம்! அந்த டென்மார்க்குத் தளபதி ஓவே கியெடெ அதே வருடம் கண்டிக்காரரோடு பேசி, நமது திருகோணமலையில் ஒரு கோட்டைக்கு வேலையும் தொடங்கியவன்.

அங்கேதான் பறங்கிக்கு வயிறு எரிந்தது. யாழ்ப்பாணம் கைக்குள் வந்தபின் கண்டி அரசன் செனரத்துக்குக் கடல்வாசல் என்று மிஞ்சியவை திருகோணமலையும் மட்டக்களப்பும்தான். இரண்டையும் அடைத்தால் கண்டிக்கு மூச்சு முட்டும். தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் கோணமாமலைக்கு வந்தான். 1624இல் எழுந்த கோட்டைக்குக் கல் எங்கிருந்து கிடைத்தது என்று உங்களுக்கே தெரியும்.

அதை விரிவாக எழுத இந்த வாரம் பக்கம் இல்லை. மீகாப்பிள்ளை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். சாம்பல்தீவு வாசகர்கள் கோபிக்க வேண்டாம். அங்கிருந்து பஸ் ஏறினால் கோட்டை வாசல் பக்கத்தில்தான். போய் அந்த வாசல் கல்லில் செதுக்கியிருக்கும் மீனைப் பார்த்து வையுங்கள். அடுத்த வாரம் அங்கேயிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)