விமானக்காரர்கள் கட்டிய ரயில்

1950களின் கடைசியில், டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே புதிதாக ஒரு ரயில் பாதை போடலாம் என்று சொன்னவர்களை ஜப்பானில் பலர் கேலி செய்தார்கள். இனி எல்லாம் விமானமும் நெடுஞ்சாலையும்தான் என்பது அன்றைய நம்பிக்கை. பிரமிடு, சீனப் பெருஞ்சுவர், யமாட்டோ போர்க்கப்பல் வரிசையில் இன்னொரு வீண்வேலை என்றுகூடச் சொன்னார்கள்.

கேலிக்கு ஆளானவர் தேசிய ரயில்வேயின் தலைவர் ஷின்ஜி சோகோ, எழுபதைத் தாண்டியவர். எனக்கு அவரைவிட சுவாரசியமானவர்கள் ரயில்வே ஆய்வகத்தில் இருந்த பொறியாளர்கள். போரில் தோற்ற ஜப்பான் விமானம் செய்யக்கூடாது என்று தடை வந்ததும், வேலையிழந்த விமானப் பொறியாளர்கள் பலர் அங்கே சேர்ந்திருந்தார்கள். ததாஷி மட்சுதைரா ஜீரோ போர்விமானத்தின் இறக்கைகள் வேகத்தில் படபடத்து உடைவதை ஆராய்ந்தவர். வேகமெடுத்த ரயில்பெட்டி பாம்பு மாதிரி நெளிவதும் அதே ரகச் சிக்கல் என்று பிடித்துவிட்டார். குற்றம் தண்டவாளத்தில் இல்லை; சக்கரமும் பெட்டியும் சேர்ந்து தாமாகவே வளர்க்கிற அதிர்வு அது. அதை அடக்கிய பிறகுதான் 200 கிமீ வேகம் சாத்தியமாயிற்று.

பணம் வேறு கதை. சோகோ செலவைத் தெரிந்தே குறைத்துச் சொன்னார். (ப்ராஜெக்ட் எஸ்டிமேட் போடுகிறவன் என்ற முறையில் எனக்கு இது புதுசில்லை.) பிறகு அரசு பின்வாங்க முடியாதபடி உலக வங்கியில் 8 கோடி டாலர் கடன் வாங்கினார். செலவு ஏறக்குறைய இரட்டிப்பானது. 1963இல் பதவி போயிற்று. 1964 அக்டோபர் 1 அன்று நடந்த தொடக்க விழாவில் அவரும் இல்லை, தலைமைப் பொறியாளர் ஹிதேயோ ஷிமாவும் இல்லை.

அவர் செய்தது சரியா? 515 கிமீக்குச் சரி என்பேன். ஆறரை மணி நேரப் பயணம் நான்காகி, மறுவருடமே மூன்றேகாலுக்கும் கீழே வந்தது. வானத்தில் ஒரு மணி நேரம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஏர்போர்ட்டுக்குப் போறது, வரிசையில நிக்கிறது, இறங்கி ஊருக்குள்ள வர்றது? அதோடு பழைய பாதை ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது; கூட்டத்தைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

1975இல் அதே பாதை ஃபுகுவோகாவின் ஹகாடா வரை நீண்டது. டோக்கியோவிலிருந்து 1,000 கிமீக்கு மேல். இன்றும் ஐந்து மணி நேரம். அந்த ஊருக்குப் போகிற டோக்கியோவாசி பெரும்பாலும் விமானம்தான் ஏறுகிறார். ஃபுகுவோகா விமான நிலையத்திலிருந்து ஹகாடா ரயில் நிலையம் மெட்ரோவில் இரண்டே நிறுத்தம்.