இரைச்சலும் ஒளியும்

கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கும் பணியில் வில்லோபி ஸ்மித்தின் குழுவினர் செலீனியக் கோல்களைத் தடையாகப் பயன்படுத்தினர். அவற்றின் தடையோ நிலையின்றி மாறிற்று. ஒளியே அதற்குக் காரணமென 1873இல் ஸ்மித் அறிவித்தார். ஒளியுணரியின் வரலாறு இவ்வாறு ஒரு குறையிலிருந்தே தொடங்கிற்று.

மின்னோட்டம் தனித்தனி இலத்திரன்களாலானது என்பதே வெற்றிடக் குழாய் இரைச்சலின் ஒரு காரணமென ஷொட்கி 1918இல் விளக்கினார். 1928இல் ஜோன்சன் தடைகளின் வெப்ப இரைச்சலை அளந்து, அதிலிருந்தே போல்ற்ஸ்மன் மாறிலியைக் கணித்தார். நைக்குவிஸ்ற் அதற்குக் கொள்கை வகுத்தார்.

இன்று கணினி 100 அளவீடுகளைப் பதிந்து சராசரி காண்கையில், எழுந்தமான இரைச்சல் பத்திலொன்றாகக் குறைகின்றது. எனினும், அன்று சராசரியோடு அமைந்திருப்பின் செலீனியம் உணர்த்திய செய்தி மறைந்தே போயிருக்கும். எதனை இரைச்சலென ஒதுக்குவது என்பதைப் பொறியன்று, ஆய்வாளனே தீர்மானித்தல் வேண்டும்.