நெய்வேலி குவார்ட்டர்ஸ் கிச்சனுக்கு வார்ம் பீஜ்... தேய்க்கும் முன் இதைக் கவனிங்க!

ரிட்டயர் ஆனா ஒப்படைக்கவேண்டிய குவார்ட்டர்ஸ்ல மாடுலர் கிச்சனுக்குச் செலவு பண்ண மனசு வராதுதானே? பழைய மரக் கப்போர்டுக்கு பெயின்ட் அடிச்சாலே போதும். அனுமதி வேணுமானு மட்டும் முதல்ல கேட்டுக்கோங்க.

வெள்ளையில் மஞ்சள் கறையும் தாளிப்பு எண்ணெயும் பளிச்சுனு தெரியும். பால் தூக்கலான டீ நிறத்தில் இருக்கும் வார்ம் பீஜ் அதை ஓரளவு மறைக்கும். ஆனா, 6,500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டில் கொஞ்சம் வெளிறித் தெரியும். 3,000 கெல்வின் பல்பில் மஞ்சளடிக்கும். ஒரு கதவில் மட்டும் அடிச்சு, ராத்திரி லைட் போட்டுப் பாருங்க.

முக்கியமான விஷயம், ஈயம். என்.எல்.சி தொடங்கியது 1956-ல். டவுன்ஷிப்பில் பழைய வீடுகள் அதிகம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் அமலானது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சை உப்புத்தாளால் காயவெச்சுத் தேய்த்தால், ஈயத்தூசி பறக்கலாம். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

அதனால், சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துட்டு, வாட்டர் பேப்பரை நனைச்சுத் தேய்ங்க. மாஸ்க் கட்டாயம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். தரையை ஈரத்துணியால் துடைங்க, பெருக்காதீங்க. நல்லா காய்ந்ததும் ஒரு கோட் பிரைமர், மெல்லிசா ரெண்டு கோட் சாட்டின் எனாமல். வேலை முடிஞ்சது!