பிடிபட்ட பின் தொடங்கும் கலை

தற்காப்புக்காக ஒரு சண்டைக்கலையைக் கற்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் 'எது சிறந்தது?' என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். கராத்தேயா, ஜூடோவா, குத்துச்சண்டையா என்று அந்த விவாதம் ஓயாமல் நடக்கிறது. முடிவு கிட்டுவதில்லை, ஏனெனில் கேள்வியிலேயே முக்கியமான பாதி விடுபட்டிருக்கிறது. யாரிடமிருந்து, எந்த இடத்தில், என்ன உடையில், எந்தச் சட்டத்தின் கீழ் ஒருவர் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதே அந்த விடுபட்ட பாதி. கேள்வியை முழுதாகக் கேட்டு, ஒரு விடையைத் தேர்ந்து, அதைத் தெருவில் வைத்தே சோதித்துப் பார்த்த ஒரு கூட்டம் வரலாற்றில் உண்டு. 1909க்கும் 1914க்கும் இடையில் லண்டனில் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் அவர்கள்.

அவர்கள் தேர்ந்த கலை லண்டனுக்கு வந்த வழியை முதலில் பார்த்துவிடலாம். எட்வர்ட் வில்லியம் பார்ட்டன் ரைட் 1860இல் பெங்களூரில் பிறந்த ஆங்கிலேயர், பொறியாளர். பணி நிமித்தம் ஜப்பானில் சில ஆண்டுகள் வாழ்ந்தபோது அங்கே ஜுஜுட்ஸு கற்றார். 1898இல் அவர் லண்டன் திரும்பிய வேளையில் அந்நகரப் பத்திரிகைகள் தெரு ரவுடிகளைப் பற்றிய அச்சத்தில் மூழ்கியிருந்தன. 'ஹூலிகன்' என்ற சொல் ஆங்கிலப் பத்திரிகைகளில் பரவியது அந்த ஆண்டுக் கோடையில்தான். இந்த அச்சத்துக்கு மருந்தாகப் பார்ட்டன் ரைட் தன் பெயரின் முற்பாதியையும் ஜுஜுட்ஸுவின் பிற்பாதியையும் ஒட்டி 'பார்டிட்ஸு' என்ற கலவையை உருவாக்கினார். 1899இல் பியர்சன்ஸ் இதழில் அதைப் படங்களோடு விளக்கி எழுதினார். லண்டனின் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் ஒரு பயிற்சிக்கூடமும் திறந்தார்.

அவருடைய சிந்தனையில் ஒரு தெளிவு இருந்தது. எதிராளிக்கும் நமக்கும் இடையேயுள்ள தூரம்தான் எந்தக் கலை தேவை என்பதைத் தீர்மானிக்கிறது என்றார் அவர். தொலைவில் நிற்பவனுக்குக் கைத்தடி, இன்னும் நெருங்கினால் உதையும் குத்தும், உடலோடு உடல் ஒட்டிவிட்டால் ஜுஜுட்ஸு. கைத்தடி வீச்சைக் கற்பிக்க ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் வின்யியை அமர்த்தினார். ஜுஜுட்ஸு கற்பிக்க 1900இல் ஜப்பானிலிருந்து யுகியோ தானி, சடகாஸு உயெனிஷி என்ற இளைஞர்களை வரவழைத்தார். ஆனால் பயிற்சிக்கூடம் 1902 வாக்கில் மூடப்பட்டது. ஷெர்லாக் ஹோம்ஸ் அருவியின் விளிம்பில் உயிர் பிழைத்ததற்குக் காரணமாக 1903இல் கோனன் டாயில் குறிப்பிட்ட 'பாரிட்ஸு', இந்தக் கலையின் பெயரில் ஓரெழுத்து விடுபட்ட வடிவம்தான்.

பார்ட்டன் ரைட்டின் விடை அவருடைய வாடிக்கையாளருக்குப் பொருத்தமானது. கையில் தடியும் உடலில் மேலங்கியுமாக இரவில் வீடு திரும்பும் கனவான், அவனை மறிக்கும் வழிப்பறிக்காரன் என்ற காட்சியை மனத்தில் வைத்து எழுந்த கலை அது. இடுப்பை இறுக்கும் கச்சும் கணுக்கால்வரை தொங்கும் பாவாடையும் அணிந்த ஒரு பெண்ணைக் காவலர் ஒருவர் தோளைப் பற்றி இழுப்பது அந்தக் காட்சியில் இல்லை.

கூடம் மூடப்பட்ட பின் அந்த இரு ஜப்பானியரும் தத்தம் வழியில் சென்றார்கள். தானி இசை அரங்குகளின் மேடைகளில் ஏறி, தன்னைவிடப் பருத்த மல்லர்களைச் சவாலுக்கு அழைத்துப் பெயர் பெற்றார். பெரிய உடலைச் சிறிய உடல் வெல்ல முடியும் என்பதை லண்டன்வாசிகள் கட்டணம் கொடுத்துப் பார்த்தார்கள். சவாலை ஏற்பவர் ஜுஜுட்ஸு மேற்சட்டை அணிந்தாக வேண்டும் என்ற விதி தானிக்குச் சாதகமானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனெனில் அக்கலையின் பிடிகளில் பெரும்பகுதி துணியைப் பற்றியே அமைந்தவை. எனினும் லண்டன் தெருவில் எல்லாருமே தடித்த மேலங்கி அணிந்திருந்தார்கள். மல்லர்களுக்கு அநீதியாகப்பட்ட அதே விதி தெருவில் இயல்பான நிலைமையாக இருந்தது.

உயெனிஷி லண்டனின் கோல்டன் ஸ்குவேரில் தனிப் பள்ளி நடத்தினார். அவரிடம் பயின்றவர்களில் ஒரு தம்பதியர் வில்லியம் கேரட், எடித் கேரட். 1872இல் பாத் நகரில் பிறந்த எடித்தின் உயரம் நான்கடி பதினோரங்குலம். உயெனிஷி நாடு திரும்பியதும், 1908 வாக்கில் பள்ளியை இவர்களே ஏற்றார்கள். பெண்களுக்கும் சிறுவர்களுக்குமான வகுப்புகள் எடித்தின் பொறுப்பு. 1907இலேயே, தன்னை வழிமறிக்கும் திருடர்களை வீழ்த்தும் பெண்ணாக ஒரு சிறு திரைப்படத்தில் அவர் நடித்திருந்தார்.

வாக்குரிமைப் போராட்டம் அப்போது கடுமையான கட்டத்துக்கு வந்திருந்தது. எமலின் பாங்க்ஹர்ஸ்ட் 1903இல் மான்செஸ்டரில் தொடங்கிய பெண்கள் சமூக அரசியல் சங்கத்தினரை, 1906இல் ஒரு நாளேடு ஏளனமாகச் 'சஃப்ரஜெட்' என்று அழைக்க, அப்பெண்கள் அந்தப் பெயரையே கொடியாக ஏந்திக்கொண்டார்கள். கூட்டங்களில் ரவுடிகள் மேடையேறிக் கலாட்டா செய்தார்கள். அமைச்சர்களின் கூட்டங்களில் கேள்வி கேட்ட பெண்கள் தூக்கி வெளியே எறியப்பட்டார்கள். நாடாளுமன்றம் நோக்கிச் சென்றவர்களைக் காவலர்கள் பற்றி, முறுக்கி, கூட்டத்துக்குள் தள்ளினார்கள். 1909இல் எடித் கேரட்டின் தற்காப்பு வகுப்புகள் சங்கத்தின் இதழான 'வோட்ஸ் ஃபார் விமன்' பக்கங்களில் விளம்பரம் பெறத் தொடங்கின. அவ்வாண்டு ஒரு செயல்விளக்கத்தில் தன் கணவரின் இடத்தில் மேடையேற நேர்ந்ததையும், தன்னைப் பற்றவந்த காவலர் ஒருவரைத் தோள்மேலாகத் தூக்கி எறிந்ததையும் முதுமையில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

குத்துச்சண்டை இங்கிலாந்தின் சொந்தக் கலை. கற்பிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. வாள்வீச்சுக்கும் உடற்பயிற்சிக்கும் கூடங்கள் இருந்தன. இருந்தும் ஜுஜுட்ஸு பொருந்தியதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, எதிராளியின் செயல். காவலரின் வேலை கைதுசெய்வது. கைது என்பது பிடியில் தொடங்குகிறது. குத்துச்சண்டை இருவருக்கும் இடையே ஒரு கை தூரம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது, ஜுஜுட்ஸுவோ மணிக்கட்டு பற்றப்பட்ட பின் என்ன செய்வது என்பதையும் பாடமாக வைத்திருக்கிறது. இரண்டாவது, உடலளவு. குத்தின் வலிமையில் எடைக்குப் பெரும்பங்கு உண்டு. பிடியை விடுவிப்பதும் நிலைகுலைத்து வீழ்த்துவதும் நெம்புகோலின் தத்துவத்தை அதிகம் நம்பியவை. தள்ளுபவனின் வேகமே அவனைச் சாய்க்கப் பயன்படுகிறது. மூன்றாவது, சட்டம். காவலரை அடித்தவள் தாக்குதல் குற்றத்துக்கு ஆளாவாள். அவர் பிடியிலிருந்து வழுவி மறைந்தவளை முதலில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தத் தேர்வின் எல்லையை 1910 நவம்பர் 18 காட்டியது. பெண்களில் ஒரு சிறு பிரிவினருக்காவது வாக்கு வழங்கியிருக்கக்கூடிய சமரச மசோதா கைவிடப்படுவதை எதிர்த்து, சுமார் 300 பெண்கள் சிறு சிறு குழுக்களாக நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். பஞ்சாப் அரச வம்சத்தின் சோஃபியா துலீப் சிங்கும் அவர்களில் ஒருவர். ஏறத்தாழ ஆறு மணி நேரம் காவலர்களும் கூட்டத்திலிருந்த ஆண்களும் அவர்களை அடித்தார்கள். கைதான 115 பெண்கள், 4 ஆண்கள் மீதான வழக்குகளில் பெரும்பாலானவை மறுநாளே கைவிடப்பட்டன. பின்னர் திரட்டப்பட்ட 135 வாக்குமூலங்களில் 29, பாலியல் இயல்புள்ள வன்முறையைக் குறிப்பிட்டன. அந்நாள் 'கறுப்பு வெள்ளி' என்று அழைக்கப்படுகிறது. தனியாள் ஒருவரின் பிடியை விடுவிக்கக் கற்றவளைப் பலர் சூழ்ந்துகொண்டால் அந்தக் கல்வி சிறிதளவே உதவும். வகுப்புக்குச் சென்றவர்களும் மிகச் சிலரே.

அதன் பிறகு தற்காப்பு என்பதன் பொருளே மாறத் தொடங்கியது. சன்னல்களை உடைத்துவிட்டு ஓடிவந்த பெண்கள் எடித் கேரட்டின் பயிற்சிக்கூடத்துக்குள் நுழைந்து, சுத்தியல்களைப் பாய்களுக்கு அடியில் மறைத்துவிட்டுப் பயிற்சி உடையில் நின்றதாகவும், தேடிவந்த காவலர்களைத் தாம் கடிந்து அனுப்பியதாகவும் அவர் பின்னாளில் கூறினார். ஓடிச் சென்று சேர ஓரிடம் இருப்பதும் தற்காப்பின் பகுதிதான்.

1913 ஏப்ரலில் 'பூனை எலிச் சட்டம்' என்று மக்கள் பெயரிட்ட சட்டம் வந்தது. சிறையில் உண்ணாவிரதமிருந்து நலிந்தவர்களை விடுவித்து, உடல் தேறியதும் மீண்டும் கைதுசெய்ய அது வழிசெய்தது. எமலின் பாங்க்ஹர்ஸ்ட் திரும்பத் திரும்ப இவ்வாறு விடுவிக்கப்பட்டுப் பிடிக்கப்பட்டார். அவரைக் காக்கச் சுமார் 30 பெண்கள் கொண்ட மெய்க்காவல் படை அமைந்தது. தலைமை கனடாவைச் சேர்ந்த கெர்ட்ரூட் ஹார்டிங், பயிற்சி எடித் கேரட். வகுப்புகள் ரகசிய இடங்களில் நடந்தன. அவர்கள் ஆடைக்குள் மறைத்துக் கொண்டுசென்ற ஆயுதம் நமக்கு அந்நியமானதன்று. ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து கொண்டுசென்று உடற்பயிற்சிக்கு வைத்துக்கொண்ட கர்லாக்கட்டைதான் அது.

இப்படையின் மிகச் சிறந்த வெற்றியில் அடிதடியின் பங்கு குறைவு. 1914 பிப்ரவரியில் லண்டனின் கேம்ப்டன் ஹில் ஸ்குவேரில் ஒரு வீட்டிலிருந்து பாங்க்ஹர்ஸ்ட் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். பேச்சு முடிந்ததும் முக்காடிட்ட ஒரு பெண் காவலர்கள் சூழ வெளியே வந்தாள். காவல்துறையினர் பாய்ந்து போராடி அவளைக் கைப்பற்றினார்கள். பிடிபட்டவள் அவரைப்போல் உடுத்திய வேறொருத்தி. உண்மையான தலைவி அதற்குள் தப்பிவிட்டார்.

அடுத்த மாதம், மார்ச் 9 அன்று, கிளாஸ்கோவின் செயின்ட் ஆண்ட்ரூஸ் அரங்கில் நடந்தது இதற்கு நேர்மாறானது. பாங்க்ஹர்ஸ்ட் பார்வையாளர் போல் நுழைந்து மேடையேறிப் பேசத் தொடங்கிய சில நிமிடங்களில் காவலர்கள் மேடையை நோக்கிப் பாய்ந்தார்கள். மேடை விளிம்பின் மலர்ச்சரங்களுக்குள் முள்கம்பி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. நாற்காலிகளும் பூந்தொட்டிகளும் பறந்தன, கர்லாக்கட்டைகள் சுழன்றன, ஒரு பெண் வெற்றுத்தோட்டாக்களைச் சுட்டாள். ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, காவலர்கள் பாங்க்ஹர்ஸ்ட்டைக் கைதுசெய்து கொண்டுபோனார்கள். நேருக்கு நேர் மோதும்போது எண்ணிக்கையே வென்றது.

1914 ஆகஸ்டில் உலகப்போர் தொடங்கியதும் சங்கம் போராட்டத்தை நிறுத்தியது, படையும் கலைந்தது. 1918இல் சொத்துத் தகுதியுடைய, முப்பது வயது நிறைந்த பெண்களுக்கும், 1928இல் ஆண்களுக்குச் சமமாக அனைத்துப் பெண்களுக்கும் வாக்குரிமை வந்தது. எடித் கேரட் 1971இல் தம் 99ஆம் வயதில் மறைந்தார். இருபதாண்டுகளுக்கு முன் இறந்த பார்ட்டன் ரைட் பெயர்க்கல் இல்லாத கல்லறையில் கிடக்கிறார்.

ஜுஜுட்ஸு பெண்களுக்கு வாக்குரிமையைப் பெற்றுத்தந்தது என்று எவரேனும் எழுதினால் அது மிகை. அக்கலை அவர்களுக்குத் தந்தது சில கணங்கள். பிடி தளரும் ஒரு கணம், தலைவி வாசலைக் கடக்கும் அரை நிமிடம், கூட்டத்தில் கலந்து மறையும் அவகாசம். தற்காப்புக்கலைகளில் எதுவாயினும் தெருவில் ஒருவருக்குத் தரக்கூடியது ஏறக்குறைய இவ்வளவுதான். அந்தக் கணங்களை என்ன செய்வது என்பதற்கு மாற்று வேடமும், ஓடிச்சேர ஒரு கூடமும், பக்கத்தில் நிற்க முப்பது தோழியரும் வேண்டியிருந்தன. ஆகவே இன்று ஒரு பயிற்சிக்கூடத்தின் வாசலில் நிற்பவர், அங்கே கற்பிக்கப்படும் கலையின் தொன்மையையும் புகழையும் விசாரிப்பதற்கு முன் மூன்றைக் கேட்கலாம்: எனக்கு நேரக்கூடிய ஆபத்து எப்படித் தொடங்கும்? இணங்காத எதிராளியோடு இங்கே பயிற்சி உண்டா? தப்பித்த பின் நான் எங்கே போவேன்? மூன்றாவது கேள்விக்கு எந்த ஆசானிடமும் விடை இராது. அதை ஊரும் சட்டமும்தான் தர வேண்டும். லண்டன் பெண்கள் வாக்குக் கேட்டுத் தெருவுக்கு வந்ததும் அந்தச் சட்டத்தை எழுதும் இடத்தில் தங்களுக்கும் குரல் வேண்டும் என்பதற்காகத்தான்.