மண்ணை ஆக்கிய மாந்தர்: மேட்டுப்பாத்தியின் வரலாறு

ஊரை விட்டு வந்த தமிழர் தம்மோடு மொழியைக் கொண்டு வருகின்றனர். இசையையும் சமையலையும் கொண்டு வருகின்றனர். கொல்லைப்புறத்தை மட்டும் கொண்டு வர இயலுவதில்லை. காவிரிக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் அவரைப் பந்தலிட்டு வாழ்ந்த நம் முன்னோர்க்கு ஆறு கொணர்ந்த வண்டலே போதுமானதாயிருந்தது. காலனியில் நமக்கு வாய்த்த நிலமோ வேறு. கட்டடம் எழுப்பிய நாளில் புதையுண்ட செங்கல் துண்டும் காரையும் ஒருபுறம்; மழை பெய்தால் வடியாது நிற்கும் நீர் மறுபுறம். ஆகவே, “இந்த மண்ணில் என்ன விளையும்?” என்று கேட்கிறோம். “மாற்றல் உத்தரவு வந்தால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே?” என்றும் கேட்கிறோம். இவ்விரு வினாக்களுக்கும் வரலாற்றில் விடை உண்டு.

நிலமட்டத்திற்கு மேல் மண்ணைக் குவித்து உயர்த்தி, மிதிபடாமல் காத்து, அதில் பயிரிடுவதே மேட்டுப்பாத்தி. நீர் தேங்காமல் வடிவதும், வேர் தடையின்றி இறங்குவதும் இதன் பயன்கள். இது தமிழர்க்குப் புதியதன்று. நம் நாட்டு வெற்றிலைக் கொடிக்காலை நினைவு கூர்க. ஆழ்ந்த வாய்க்கால்களுக்கு இடையே பாத்தியை உயர்த்தி, அகத்தியை நட்டு, அதன்மேல் கொடியைப் படர விடுவர். வாய்க்காலில் படியும் மண்ணை வாரி மீண்டும் பாத்தியின்மேல் இடுவர். ஈரமும் வேண்டும், நீர் தேங்கவும் கூடாது என்ற வெற்றிலையின் இரு பிடிவாதங்களுக்கும் அந்த மேடே மருந்தாயிற்று.

இக்கலையைப் பெருமளவில் கையாண்டவர்களுள் மெக்ஸிகோ நாட்டு ஆஸ்டெக் மக்கள் தலைசிறந்தவர்கள். அவர்களும் குடிபெயர்ந்து வந்தவர்களே. வடக்கிலிருந்து அலைந்து வந்த அவர்கள், 1325-ஆம் ஆண்டில் டெக்ஸ்கோகோ ஏரியின் நடுவே ஒரு தீவில் குடியேறினர் என்பது மரபு. நல்ல நிலமெல்லாம் பிறர் கையில் இருந்தது. தென்பகுதி ஏரிகளில் அவர்களுக்கு முன்பே வாழ்ந்தோர் அறிந்திருந்த ‘சினாம்பா’ என்னும் முறையை அவர்கள் மேற்கொண்டு விரிவாக்கினர். ஆழமில்லாத நீரில் கழிகளை நட்டு வேலி பின்னி, அதனுள் நீர்ப்பூண்டுகளையும் ஏரிச் சேற்றையும் மாறி மாறி அடுக்கினர். கரை சரியாதிருக்க ஓரங்களில் ஒருவகை வில்லோ மரங்களை நட்டனர். இவற்றை மிதக்கும் தோட்டங்கள் என்பது வழக்கமாயினும் இவை மிதப்பன அல்ல. ஏரியின் அடித்தளத்தில் ஊன்றி நிற்பன. ஸ்பானியர் 1521-இல் வென்ற தலைநகருக்குச் சோளமும் காய்கறியும் அளித்தவை இப்பாத்திகளே. 1607-இல் தொடங்கிய வடிகால் பணிகளால் ஏரி சிறிது சிறிதாக வறண்டது, பாத்திகளும் குறைந்தன. எஞ்சியிருக்கும் சோச்சிமில்கோ பகுதியை யுனெஸ்கோ 1987-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

உண்மையிலேயே மிதக்கும் தோட்டங்களைக் காண நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. காஷ்மீரத்தின் தால் ஏரியில் நாணற்பரப்பை அறுத்தெடுத்து, அதன்மேல் நீர்ப்பூண்டும் சேறும் குவித்து, வெள்ளரி முதலியவற்றைப் பயிரிடுகின்றனர். கரையோரங்களில் படகு படகாகச் சேற்றையும் பூண்டையும் கொட்டி நிலமே உண்டாக்குவதும் அங்கு வழக்கம். 1895-இல் தம் நூலை வெளியிட்ட வால்ட்டர் லாரன்ஸ், மிதக்கும் தோட்டத்தையே இரவோடிரவாக இழுத்துச் செல்லும் திருடரைப் பற்றியும் எழுதியுள்ளார். தோட்டமே களவு போகும் ஊர் வேறெங்கு உண்டு!

இனி, மாற்றலை அஞ்சுவோர்க்கு உரிய விடையைப் பாரிஸ் நகரில் காண்போம். 19-ஆம் நூற்றாண்டில் அந்நகரின் காய்கறித் தோட்டக்காரர்கள் சிறு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்தனர். நகரில் ஓடிய குதிரைவண்டிகள் எண்ணற்றவை. இலாயங்களிலிருந்து வந்த எருவைக் குவித்துப் பாத்தி அமைத்தனர். எரு மக்கும்போது எழும் வெப்பத்தாலும், மணி வடிவான கண்ணாடி மூடிகளின் காப்பாலும் கடுங்குளிரிலும் கீரை விளைவித்தனர். குத்தகை முடிந்து வெளியேறும்போது, தாம் ஆக்கிய மண்ணைக் குறிப்பிட்ட ஆழம்வரை அள்ளிச் செல்லும் உரிமை அவர்தம் ஒப்பந்தங்களில் இடம்பெற்றிருந்தது என ருஷ்ய அறிஞர் குரொபோட்கின் குறிப்பிடுகிறார். நிலம் உடையவனுக்கு, மண் ஆக்கியவனுக்கு! பின்னர் மோட்டார் வண்டி வந்தது, குதிரை போயிற்று, எருவும் போயிற்று, அத்தோட்டங்களும் மங்கின. அக்கலையை ஆங்கிலேயரான ஆலன் சாட்விக் 1967-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் மீண்டும் தழைக்கச் செய்தார்; அவர் வழியில் ஜான் ஜெவன்ஸ் 1974-இல் எழுதிய நூல் அதனை வீட்டுத் தோட்டங்களுக்குப் பரப்பிற்று.

இவ்வரலாறுகள் கூறும் பாடம் ஒன்றே. நல்ல மண் சிலர்க்குப் பிறப்பிலேயே வாய்க்கிறது. மற்றவர்கள் அதை ஆக்கிக்கொள்கின்றனர். ஆக்கிய மண்ணுக்கும் நாள்தோறும் உணவு வேண்டும். ஏரிச் சேறு நின்றபோது சினாம்பாவும், குதிரை எரு நின்றபோது பாரிஸ் பாத்தியும் தளர்ந்தன. நம் பாத்திக்கு நம் அடுக்களையே ஏரி. காய்த்தோலும் உதிர்ந்த இலையுமே சேறு. ஒருமுறை மண் வாங்கிக் கொட்டிவிட்டு மறந்தால், இரண்டாம் ஆண்டிலேயே பாத்தி அமிழ்ந்து மெலியும்.

தொடங்க விரும்பும் இல்லத்தார்க்குச் சில சொற்கள். நாளும் ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடம் வேண்டும். அகலம் நான்கு அடிக்கு மேற்படலாகாது. இருபுறமும் நின்றே கை எட்ட வேண்டும், உள்ளே கால் வைத்தல் கூடாது. நீளம் பத்தடி, உயரம் ஓரடி எனக் கொண்டால் நாற்பது கன அடி மண் பிடிக்கும். சுற்றிலும் சிமெண்டு பூசாமல் செங்கல்லை அடுக்கினாலே போதும். வீடு மாறும்போது பிரிப்பதும் எளிது. அடியில் உள்ள நிலத்தைக் கொத்திவிட்டு, தோட்ட மண்ணோடு நன்கு மக்கிய எருவைக் கலந்து நிரப்புக. நனைந்தபின் இது ஒரு டன்னுக்கு மேல் கனக்கும்; ஆதலின் மொட்டை மாடியில் இதனை அமைக்கலாகாது. மேட்டு மண் விரைவில் உலரும். கோடையில் வைக்கோல் மூடாக்கு இன்றியமையாதது. வடநாட்டில் இருப்போர் மழைக்காலத்தில் வெண்டையும் அவரையும், ஐப்பசி பிறந்ததும் முள்ளங்கி, கொத்தமல்லி, வெந்தயக் கீரை ஆகியவற்றையும் விதைக்கலாம்.

காலனி வீடு நமக்குச் சொந்தமன்று. இன்று நாம், நாளை வேறொருவர். ஆயினும் செங்கல்லும் காரையும் நிறைந்த நிலத்தை நம்மிடம் ஒப்படைத்தவர்க்கும், மண்புழு நெளியும் கரிய மண்ணை அடுத்தவர்க்கு விட்டுச் செல்லும் நமக்கும் வேறுபாடு இருத்தல் வேண்டும். பாரிஸ் தோட்டக்காரரைப்போல் மண்ணை அள்ளிச் செல்லும் உரிமை நமக்கு இல்லை. அதை ஆக்கும் கலையை நம் மக்கள் கற்றுக்கொண்டால், எந்த ஊருக்கு மாற்றலானாலும் அக்கலை அவர்களுடன் செல்லும். அடுத்த ஆண்டு விழாவிற்குள் நம் காலனியின் கொல்லைகளில் சில பாத்திகளேனும் எழுக என வாழ்த்துகிறோம்.